டிவிடி டிரைவ் மாட்டும்போது எதனோடு எது முட்டிக்கொள்கிறது

வேலூரில் டிவிடி டிரைவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள் பழைய ஸ்கேன் படங்களை சிடியில் கொண்டுவருகிறார்கள். அதைப் பென்டிரைவுக்கு மாற்றித் தர அக்கம்பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு டிரைவாவது ஓடியாக வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோக்கள் டிவிடியில்தான் கிடக்கின்றன. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் சிடியை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் தொழிற்கூடங்களும் உண்டு. புது கேபினெட்களில் டிவிடி டிரைவ் மாட்டும் 5.25 அங்குல அறையே அபூர்வமாகிவிட்டது, புது லேப்டாப்பிலும் டிரைவ் கிடையாது. இருக்கிற டிரைவைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் இப்போதைக்கு வழி.

"டிரைவ் போச்சு" என்று தூக்கிப் போடப்படுகிறவற்றில் பல டிரைவ்கள் நன்றாகவே இருப்பவை. கம்ப்யூட்டருக்குள் ஒரே கேபிளையோ, ஒரே பாதையையோ, சி, டி, ஈ போன்ற ஒரே டிரைவ் எழுத்தையோ இரண்டு பொருள்கள் கேட்டால் ஒன்றுக்குக் கிடைக்கும், மற்றது காணாமல் போகும். பஸ்ஸில் ஒரே சீட் நம்பரில் இரண்டு பேருக்கு டிக்கெட் விழுந்த மாதிரி. ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அந்தப் பொதுவான பொருள் எது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை சுலபம்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, தட்டும் வெளியே வரவில்லை என்றால் கரண்டே போகவில்லை. தட்டு வருகிறது, ஆனால் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) டிரைவின் பெயர் இல்லை என்றால் டேட்டா கேபிள், போர்ட், பழைய மெஷினானால் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி). பயாஸில் பெயர் இருந்தும் விண்டோஸில் காணோம் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை, கோளாறு ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டிலோ டிரைவ் எழுத்திலோ இருக்கிறது. எல்லா இடத்திலும் தெரிந்தும் டிஸ்க்கை மட்டும் படிக்கவில்லை என்றால் லென்ஸ், அல்லது டிஸ்க்கேதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் கேபினெட்டைத் திறக்காமலேயே பல வேலைகள் முடிந்துவிடும்.

மாட்டும் வேலை

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு கேபினெட்டின் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு டிரைவைக் கையில் எடுங்கள். ஏப்ரல், மே மாத வறண்ட காற்றில் உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரம் போர்டைக் கொல்லப் போதுமானது.

டிரைவை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ. இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. டிவிடி டிரைவுக்கு வேண்டியது எம்3 என்ற மெல்லிய மரையுள்ள சின்ன ஸ்க்ரூ. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கும் கேபினெட் மூடிக்கும் போடுவது 6-32 என்ற தடித்த மரை. டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கும். தடித்ததை டிரைவில் வைத்து அழுத்திச் சுற்றினால் மரை தேய்ந்துபோகும். நீளமும் 5 மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் போதும், அதிகமானால் முனை உள்ளே போய் இடிக்கும். நான்கையும் பாதிவரை சுற்றிவிட்டு, தட்டு முன்பக்கத்தில் உரசாமல் வந்து போகிறதா என்று பார்த்த பிறகு டைட் செய்யுங்கள். தட்டு கோணலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மூலை ஸ்க்ரூவை முதலிலேயே இறுக்கியதுதான்.

சாட்டா என்ற இப்போதைய வகை டிரைவென்றால் இரண்டே கேபிள்: டேட்டாவுக்கு 7 பின், பவருக்கு 15 பின். இரண்டுக்கும் எல் வடிவ வாய், திருப்பிச் சொருக முடியாது. டேட்டா கேபிளில் உலோகக் கிளிப் உள்ளதை வாங்குங்கள். கிளிப் இல்லாதது ஃபேன் அதிர்விலேயே மெல்ல நழுவிவிடும். இன்றைக்கு டிரைவ் தெரிகிறது, நாளைக்குக் காணோம் என்ற புகார்களுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இந்த லூஸ் காண்டாக்ட்தான். கேபிளை 90 டிகிரியில் மடக்கி மூடிக்குள் அமுக்குவதும் அதே வினையைக் கொடுக்கும்.

கரண்ட்

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் வாய் போதாமல் போகும். அப்போது மோலெக்ஸ் என்ற நான்கு பின் பழைய பவர் வாயிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைக் கேட்டு வாங்குவீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. சாட்டா வாயின் பின்பக்கம் முழுக்க ஒரே பிளாஸ்டிக் கட்டியாக உருக்கி வார்த்தது ஒரு வகை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கடித்து மாட்டியது, பின்மூடியைக் கழற்றினால் கம்பிகள் தெரிவது, இன்னொரு வகை. முதல் வகை வேண்டவே வேண்டாம். வார்க்கும்போது உள்ளே கம்பிகள் நகர்ந்துவிட்டால், நாளடைவில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் தொட்டு வாய் உருகித் தீப்பிடிக்கும். உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு இது. சில ரூபாய் மிச்சத்துக்காக இதில் இறங்காதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் மோலெக்ஸில் அளந்துவிடுங்கள். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், இரண்டு கறுப்பும் கிரவுண்ட். 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை இருந்தால் சரி. டிஸ்க்கைப் போட்டு அது சுழல ஆரம்பிக்கும் அந்த நொடியில் அளப்பதுதான் முக்கியம், ஏனென்றால் டிரைவ் அப்போதுதான் அதிகம் இழுக்கும். சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு டிஸ்க் சுழலும்போது 11-க்கு இறங்கினால் குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸுடையது. டிஸ்க் போட்டதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதற்கும் இதுதான் முதலில் பார்க்க வேண்டிய காரணம்.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கட்டிடங்களில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் அவை கேபினெட் உடம்பை 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் நிறுத்தும். தொட்டால் சுர்ரென்று இருக்கும். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லை, ஆனால் வெளி யுஎஸ்பி டிரைவையோ டிவியையோ கேபிளில் இணைக்கும் நொடியில் போர்ட் எரிந்துபோகலாம். டெஸ்டரில் கேபினெட் உடம்பு மினுக்கினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டிரைவ் வேலை அதற்குப் பிறகு.

புது மெஷினில் போர்ட் காணாமல் போவது

மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 எஸ்எஸ்டி மாட்டிய மறுநாள் டிவிடி டிரைவ் தெரியவில்லை என்றால் டிரைவைக் குறை சொல்லாதீர்கள். சிப்செட் என்ற மதர்போர்டின் முக்கியச் சிப்பிலிருந்து வரும் பாதைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அதனால் பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2-வில் கார்டு உட்கார்ந்தவுடன் அந்த சாட்டா போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். எந்த இடம் எந்த போர்ட்டை அணைக்கும், சாட்டா வகை எம்.2-வுக்கு மட்டுமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்குமா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். மதர்போர்டு மேனுவலில் சேமிப்புப் பகுதியில் ஒரு சின்ன அட்டவணையாக அச்சிட்டிருப்பார்கள். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

சில போர்டுகளில் சிப்செட்டின் போர்ட்டுகள் போக, வேறு கம்பெனிச் சிப் வைத்துக் கூடுதலாக இரண்டு சாட்டா வாய்கள் கொடுத்திருப்பார்கள். நிறம் வேறாக இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு அவை சரி. டிவிடி டிரைவ் பேசும் ஏடிஏபிஐ முறையை அப்படிப்பட்ட சில சிப்கள் ஒழுங்காகக் கையாளுவதில்லை. டிவிடி டிரைவை எப்போதும் சிப்செட்டின் சொந்த போர்ட்டிலேயே சொருகுங்கள்.

பயாஸில் சாட்டா மோடை, அதாவது மெஷின் டிரைவ்களோடு பேசும் முறையை, தொடுவதற்கு முன் யோசியுங்கள். பழைய எக்ஸ்பி சிடிக்கு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று ஏஹெச்சிஐ என்ற புது மோடை ஐடிஇ என்ற பழைய மோடுக்கு மாற்றுகிறார்கள். எக்ஸ்பி சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது, அதுவரை நியாயம்தான். ஆனால் அதே மெஷினில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அதற்குப் பிறகு 7பி என்று முடியும் நீலத்திரையில் நின்றுவிடும். முன்பிருந்த ஏஹெச்சிஐ-க்கே திருப்பி வைத்தால் சரியாகிவிடும், பதறி ஃபார்மட் செய்ய வேண்டாம். விண்டோஸ் 10-ஐ நிரந்தரமாக ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டுமானால், முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன் பயாஸுக்குள் போய் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை முழுதாக வந்துவிட்டால் தேவையான டிரைவர் ஏறிவிடும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் இல்லை

டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா? டபுள் கிளிக் செய்தால் பிழைக் குறியீட்டு எண் (code) தெரியும். 19, 31, 32, 39, 41 ஆகியவற்றில் ஒன்று என்றால் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு சிடி எழுதும் சாஃப்ட்வேர், அல்லது பொய் டிரைவை உருவாக்கும் சாஃப்ட்வேர். அவை விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் ஃபில்டர் என்ற ஆளை உட்கார வைக்கின்றன. சாஃப்ட்வேரை எடுத்த பிறகும் அந்த ஆளின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுகிறது. விண்டோஸ் அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கும், ஆள் வராது, அதோடு டிரைவையும் நிறுத்திவிடும்.

ரெஜ்எடிட்டைத் திறந்து லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். அடைப்புக்குள் 4டி36இ965 என்று தொடங்கும் ஃபோல்டர்தான் சிடி, டிவிடி டிரைவ்களுடையது. பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்ட் டிஸ்க்குடையது. அதில் கை வைத்தால் விண்டோஸே ஏறாமல் போகலாம், 965-தானா என்று இருமுறை சரிபாருங்கள். ஃபோல்டரை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, வலப்பக்கம் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவ் திரும்பி வரும். நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் எழுதும் சாஃப்ட்வேர் அதற்குப் பிறகு முரண்டு பிடித்தால் அதை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

எழுத்துச் சண்டை இதைவிடச் சின்னது. நெட்வொர்க் டிரைவோ, நான்கு ஓட்டை கார்டு ரீடரோ ஈ, எஃப், ஜி எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும். விண்டோஸ் கீயையும் எக்ஸ்ஸையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, சிடிராம் 0 என்பதை வலது கிளிக் செய்து ஆர் அல்லது இசட் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். கடைசி எழுத்துகளுக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை. ஒரே ஒரு விஷயம்: சிடி உள்ளே இருந்தால்தான் ஓடும் பழைய சாஃப்ட்வேர்கள் இன்ஸ்டால் செய்த நாளின் எழுத்தையே தேடும். அவை இருக்கும் மெஷினில் அந்தப் பழைய எழுத்தையே டிரைவுக்குக் கொடுத்து, மற்றவற்றை நகர்த்துங்கள்.

சினிமா டிவிடி ஓடவில்லை என்பதை வைத்து டிரைவைச் சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதியை விண்டோஸோடு சேர்த்துத் தருவதில்லை. விஎல்சி போட்டால் போதும்.

ரிப்பன் கேபிள் காலத்து மெஷின்

உண்மையான அடிதடி இங்கேதான். சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ முறையில் தட்டையான ஒரு ரிப்பன் கேபிளுக்கு இரண்டு டிரைவ். இருவரில் மாஸ்டர் (முதலாவது) யார், ஸ்லேவ் (இரண்டாவது) யார் என்று ஜம்பர் வைத்து நாம்தான் சொல்ல வேண்டும். டிரைவின் பின்பக்கத்தில் சிஎஸ், எஸ்எல், எம்ஏ என்று மூன்று ஜோடிப் பின்கள். இரண்டும் மாஸ்டர் என்றிருந்தால் ஒன்று மறையும், சில சமயம் இரண்டும் மறையும், சில சமயம் பயாஸில் பெயர் எழுத்துக் குழம்பிக் கன்னாபின்னாவென்று தெரியும். அந்தக் குழம்பிய பெயரைப் பார்த்தாலே ஜம்பரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ரிப்பனில் ஒரு பின் மடங்கியிருக்கும்.

சிஎஸ் என்பது கேபிளே முடிவு செய்யட்டும் என்பது. அதற்கு 80 கம்பி ரிப்பன் வேண்டும்: நீல முனை மதர்போர்டுக்கு, கடைசிக் கறுப்பு முனை மாஸ்டர், நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவ். ஒருவருக்கு சிஎஸ், இன்னொருவருக்கு எம்ஏ என்று கலந்து வைக்காதீர்கள். ஒரே டிரைவ்தான் என்றால் அது கடைசி முனையில் இருக்கட்டும். நடுவில் மாட்டி வால் சும்மா தொங்கினால், அந்த வாலிலிருந்து சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். நீளம் 18 அங்குலத்துக்கு மேல் கூடாது. ரிப்பனின் சிவப்புக் கோடு முதல் பின், டிரைவில் அது பவர் வாய் இருக்கும் பக்கம் வரும்.

ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி ரைட்டரையும் ஒரே ரிப்பனில் போட முடியும், ஆனால் போட வேண்டாம். ஒரு ரிப்பனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்து டிவிடியில் எழுதும்போது இருவரும் மாறி மாறிக் காத்திருப்பார்கள். மதர்போர்டின் ஒவ்வொரு ரிப்பன் வாயும் ஒரு சேனல்; ஹார்ட் டிஸ்க் முதல் சேனலில், ரைட்டர் இரண்டாம் சேனலில் மாஸ்டராக இருப்பதே நல்லது.

எக்ஸ்பி-யில் இன்னொரு பொறி இருக்கிறது. கேபிள் கோளாறாலோ கீறல் விழுந்த டிஸ்க்காலோ ஆறு தவறுகள் சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி அந்தச் சேனலின் வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கி, கடைசியில் டேட்டாவைப் பிராசஸரே சுமக்கும் மெதுவான பிஐஓ மோடில் விட்டுவிடும். தானாக மேலே ஏற்றாது. பிஐஓ-வின் உச்சம் நொடிக்கு 16.6 எம்பி. 16 மடங்கு வேகத்தில் டிவிடி எழுத நொடிக்கு 22 எம்பி வேண்டும். கணக்கு இடிக்கிறது அல்லவா? அதனால்தான் எழுதுவது பாதியில் தடுமாறுகிறது, மவுஸ்கூட இழுத்து இழுத்து நகர்கிறது. டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிராசஸரைச் சுமக்க விடாத வேகமான டிஎம்ஏ மோடுக்கு மறுபடி வரும். கேபிளையும் மாற்றாவிட்டால் சில வாரங்களில் திரும்பவும் அதே கதிதான்.

விண்டோஸ் 98 மெஷினை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஐஆர்க்யூ, அதாவது ஒவ்வொரு பொருளும் பிராசஸரைக் கூப்பிடும் எண். 0 முதல் 15 வரை மொத்தம் பதினாறு. ஐடிஇ-யின் முதல் சேனல் 14, இரண்டாம் சேனல் 15, ஃப்ளாப்பி 6, சீரியல் போர்ட்டுகளில் காம்1-க்கு 4, காம்2-க்கு 3, பிரிண்டர் போர்ட் 7, பழைய சவுண்ட் கார்டு பெரும்பாலும் 5. சில சவுண்ட் கார்டுகளில் சிடி டிரைவுக்கென்றே ஒரு ஐடிஇ வாய் இருக்கும். அது மதர்போர்டின் இரண்டாம் சேனல் முகவரியையே கேட்டால் இரண்டும் செத்துக் கிடக்கும். டிரைவை மதர்போர்டில் மாட்டி, கார்டில் உள்ள அந்த வாயை ஜம்பரில் அணைத்துவிடுங்கள். எது எதோடு மோதுகிறது என்பதை டிவைஸ் மேனேஜரில் ரிசோர்சஸ் பக்கம் கீழே பெயரோடு சொல்லும். பயன்படாத காம்2-வை பயாஸில் அணைத்தால் ஒரு எண் மிச்சம்.

வெளி டிரைவும் வெயிலும்

யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மெல்லிய வெளி டிரைவ் சுழலத் தொடங்கும்போது 500-ஐத் தாண்டக்கூடும். கிளிக் கிளிக் என்று சத்தமிட்டு மறைந்து மறைந்து வந்தால் கரண்ட் போதவில்லை. கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். இரட்டைத் தலை கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் மாட்டுங்கள். தனிப் பவர் இல்லாத ஹப் உதவாது. லேப்டாப்புக்குள் மாட்டும் டிரைவ் வாங்கும்போது தடிமனை அளந்துகொண்டு போங்கள்: 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது.

நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் தட்டைத் தள்ளும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கும். மோட்டார் சத்தம் கேட்கும், தட்டு வராது. பவரை அணைத்து, முன்பக்கச் சின்ன ஓட்டையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்தினால் தட்டு கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். பெல்ட்டைக் கழற்றி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துப் போட்டால் மறுபடி பிடிக்கும். அதே அளவு புது பெல்ட் கிடைத்தால் அதுவே நல்லது. லென்ஸுக்கும் அதே ஆல்கஹால்தான், பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு, அழுத்தாமல் ஒரே ஒரு சுற்று. அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அமுக்கினால் திரும்ப வராது.

மூடியைப் போடுவதற்கு முன் நிறைய எழுதப்பட்ட 4.7 ஜிபி டிவிடி ஒன்றை முழுவதுமாக ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து நேரம் பாருங்கள். நல்ல டிஸ்க்கானால் ஏழெட்டு நிமிடத்தில் முடிய வேண்டும். ஒற்றை வேகத்தில் அதற்கு ஏறக்குறைய 57 நிமிடம் பிடிக்கும். அரை மணி நேரம் இழுத்தால் பழைய மெஷினில் பிஐஓ-வைப் பாருங்கள், புது மெஷினில் லென்ஸைத் துடையுங்கள். டிஸ்க்கில் டேட்டா உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு எழுதப்படுவதால், கடைசி ஜிபியில் மட்டும் தடுமாறினால் டிஸ்க்கின் விளிம்பைப் பாருங்கள். விரல் ரேகை அங்கேதான் இருக்கும்.